இரண்டு முறை வாங்கிய களிம்பு

1

"கடையில என் பேரைச் சொன்னீங்களா அத்தை?"

"கழுவிட்டு ஒத்தி எடு. தேய்ச்சிடாதே..."

"கேக்குறேன்ல, என் பேரையா..."

"பட்டாணி அளவு போதும். வெளியில மட்டும். அப்புறம் கைக்கு சோப்பு."

"எங்க யார்டு ஆளுங்க முக்கால்வாசிப் பேரு அந்தக் கடைக்குத்தான் வருவாங்க!"

"தெரியும்டி. அதான் எனக்குன்னு சொல்லித் தொலைச்சேன்."

சாத்திய குளியலறைக் கதவுக்கு உள்ளே மருமகள், வெளியே மாமியார். இந்தக் கதை எனக்கு இப்படி இரண்டு குரல்களாகத்தான் வந்தது. முகமெல்லாம் பிறகு நான் ஒட்டவைத்தது.

2

முதலில் கௌரவமாகத் தொடங்கப் பார்த்தேன்: 'வானத்தின் விளிம்பில், இரும்புக் கூண்டுக்குள் ஒருத்தி...' (வேண்டாம். மூல நோயைப் பற்றிய கதையில் வானத்துக்கு என்ன வேலை?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். மருமகள் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுபவள். பிள்ளை பெற்று நான்கு மாதம். பிரசவத்தோடு வந்த மூலம் இன்னும் போகவில்லை. மதியம் மீண்டும் வேலை. எண்பது அடி உயரத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் நெளிந்தால் போதும், "கீழ நின்னு சீட்டு எழுதும்மா" என்று இறக்கிவிடக் காத்திருக்கிறார் மேற்பார்வையாளர்.

3

மருந்துக் கடையில் கூட்டம். (ஆளில்லாத கடையாகத்தான் எழுதியிருந்தேன். மாமியார் ஒப்பவில்லை.)

"மூலத்துக்கு மருந்து குடுங்க. எனக்குத்தான்."

"எரிச்சலா, அரிப்பா?"

"ரெண்டும்."

"ரத்தம்?"

"இல்ல."

பாதி வழி வந்த பிறகுதான் தன் கெட்டிக்காரத்தனத்தின் ஓட்டை அவருக்கு உறைத்தது. கிழவிக்குக் கொடுத்த மருந்து கைக்குழந்தைக்காரிக்கு ஆகுமா? விறுவிறுவென்று திரும்பினார். அதே கூட்டம்.

"தம்பி, பால் குடுக்கிறவங்க இதைப் போடலாமா?"

நரைத்த தலையை எல்லோரும் பார்த்தார்கள். "யாருக்குப் பாட்டி, உங்களுக்கா?" என்றது ஒரு குரல். கடையே சிரித்தது.

"ஆமாப்பா. ரெட்டைப் பிள்ளை."

மருந்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ட்யூபை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். "இது போடலாம். ஒரு வாரத்துல குறையலைன்னா டாக்டர்கிட்ட காட்டச் சொல்... காட்டுங்கம்மா."

(அந்த 'ரெட்டைப் பிள்ளை' என்னுடைய கற்பனை இல்லை. நானாக இருந்தால் ட்யூபை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன்.)

4

முடிவு? எரிச்சல் அடங்கி அவள் ஏணியேறினாள் என்று எழுதினேன். அடங்கவில்லை, "நடுவுல பத்து நிமிஷம் எழுந்து நிக்கணும் சார்" என்று கூசாமல் கேட்டுவிட்டு ஏறினாள் என்றும் எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

கதவு திறந்தது.

"குளுகுளுன்னு இருக்கு அத்தை."

"உக்காந்து பாரு."

நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். முகம் சுளித்தாளா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்ததெல்லாம், அவள் மாமியாரை வைத்த கண் வாங்காமல் பார்த்ததுதான்.

"இவ்ளோ விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பிள்ளை பெத்தப்போ யாரு அத்தை கடைக்குப் போனாங்க?"