மிளகாய்ப்பொடிக்குள் வைத்த வேர்

எங்கள் தெருவில் எனக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். கரமனை அக்ரஹாரம் முழுக்கத் தெரிந்த பெயர்தான். குக்கர் அடங்குமுன் மூடியைத் திருகுவேன், பஸ் நிற்குமுன் ஏறப் பார்ப்பேன். என் ஆத்துக்காரர் சாம்பசிவன் ஏஜீஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். ஒரு மின்விசிறியை மாற்ற மூன்று மாதம் யோசிப்பார். அப்படி ஒரு மனுஷரை வைத்துக்கொண்டு நானும் யோசித்துக்கொண்டே உட்கார்ந்தால் குடும்பம் நகருமா? இப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் பெண்ணின் கறுப்பு கவுன் அவள் தோளில் நிற்குமா நிற்காதா என்று ஆகிவிட்டது. காரணம் வேறு யாரும் இல்லை, நான்தான்.

எங்களுக்கு ஒரே பெண், மாளவிகா. வக்கீல். சொத்துத் தகராறு பேசுகிற வக்கீல் இல்லை. மிருகங்களையும் பறவைகளையும் செடிகளையும் நாடு விட்டு நாடு கடத்தி விற்கிறார்களே, அதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சைட்டீஸ் என்று பெயர். அதைக் கரைத்துக் குடித்தவள். இங்கேயே ஒரு சின்ன அமைப்பில் வேலை. கஸ்டம்ஸ்காரர்களுக்கும் வன அலுவலகத்துக்காரர்களுக்கும் வகுப்பு எடுப்பாள். எந்த ஓடு எந்த ஆமையுடையது, எந்தத் தோல் எந்தப் பாம்புடையது, எதை எதற்குள் ஒளித்துக் கொண்டுபோவார்கள் என்று படம் போட்டுக் காட்டுவாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று எங்களால் சொல்லி முடிக்க முடிந்ததில்லை.

போன வருஷம் ஜெனீவாவில் அந்த ஒப்பந்தத்தின் கமிட்டிக் கூட்டம் ஒன்றுக்குப் பார்வையாளராகப் போக அவளுக்கு அழைப்பு வந்தது. விசா கிடைக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? எதிராத்து ராஜஸ்ரீயிடம் சொல்லி அழுதேன்.

"விஜயம், இதுக்கெல்லாம் அழுவாளா? ஹத்தா ஜோடின்னு ஒரு வேர் இருக்கு, வடக்கே மலையிலே கிடைக்கறது. ரெண்டு கை கூப்பினாப்பலயே இருக்கும். அது ஆத்திலே இருந்தா போற காரியம் ஜயமாக்கும்" என்று ஒரு போன் நம்பர் கொடுத்தாள்.

மறுநிமிஷமே போன் பண்ணிவிட்டேன். பத்து நாளில் கூரியரில் வந்தது. சின்ன வெள்ளி டப்பா, அதற்குள் செந்தூரம், கிராம்பு, நடுவில் அது. சத்தியமாக இரண்டு கை கூப்பின மாதிரியேதான் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறத்தியார் கண் படக்கூடாது என்று விற்றவன் சொல்லியிருந்தான். மாளுவுக்கோ இதெல்லாம் கண்டால் ஆகாது, கேலி பண்ணியே கொன்றுவிடுவாள். அதனால் சாளக்கிராமப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சொட்டுப் பால், ஒரு பொட்டுச் சந்தனம். அடுத்த கூட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாள், விசா வந்துவிட்டது. சொல்லுங்கள், யார்தான் நம்பமாட்டார்கள்?

அவள் கிளம்புவதற்கு முன்தினம் அதைப் பட்டுத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அரைக் கிலோ மிளகாய்ப்பொடிக்குள் புதைத்தேன். அங்கே காரியமெல்லாம் நன்றாக நடக்கட்டும், திரும்பி வந்ததும் மெள்ள எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. பெட்டியை மூடும்போது மாளு கேட்டாள்.

"அம்மா, எனக்குத் தெரியாம ஒண்ணும் உள்ளே வெக்கலையே? நான் போற இடம் அப்படிப்பட்டதாக்கும்."

"மிளகாய்ப்பொடி, கொஞ்சம் நார்த்தங்காய். வேற என்னத்தை வெக்கப்போறேன்? போடி, பெரிய கஸ்டம்ஸ் ஆபீசர்!" என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை.

ஜெனீவா ஏர்போர்ட்டில் பொடியைத் தட்டில் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். துணியைப் பிரித்த அதிகாரிக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஏதாவது வேரா என்று அவனே கேட்டிருக்கிறான். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் விட்டிருப்பானோ என்னவோ. ஆனால் என் பெண் தன் வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிற சாமான்களில் அதுவும் ஒன்று. பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. இது வேர் இல்லை, உடும்பு, ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது என்று அவளே சொல்லியிருக்கிறாள். யார் வைத்தது என்று அடுத்த கேள்வி. "நான்தான்" என்றிருக்கிறாள். முதல் கேள்விக்கு உண்மை, இரண்டாவதற்குப் பொய். கூட்டத்துக்குள் விடவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அப்பாவிடம்தான் சொன்னாள்.

அவர் என்னிடம் சொல்ல வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அது வேரில்லை விஜயம். உடும்பு."

"உடும்பா? ஈசுவரா! அப்போ அது உடும்போட கையா?"

"கையில்லை."

"பின்னே காலா?"

பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "ஆண் உடும்போட… அதுதான். புரிஞ்சுக்கோயேன், எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணுமா? வேலியிலே போன ஓணானை எடுத்து மடியிலே கட்டிண்டு, குத்தறதே குடையறதேன்னாளாம் ஒருத்தி. நீ அவளையும் மிஞ்சிட்டே."

நான் போட்ட கூச்சலில் எதிராத்து ஜன்னல் திறந்தது. வெங்காயம் கூட நாள் பார்த்துச் சமைக்கிற வீடு. அதில், சாளக்கிராமத்துக்குப் பின்னால், எட்டு மாதமாக அது! கண்ணில் ஒற்றிக்கொண்டேனே! சாஸ்திரிகளைக் கூப்பிட்டேன், புண்யாஹவாசனம் பண்ணினேன், பூஜை அலமாரியை நாலு தடவை அலம்பினேன், பலகையையே மாற்றினேன். ஏழு நாள் எனக்கு இதுதான் வேலை. இரண்டாம் நாள் மாளு ரூமிலிருந்து வெளியே வந்து, "அம்மா, வேலை போயிடுத்து" என்றாள்.

"அது போனா இன்னொண்ணு வரும்டி. நான் அதைச் சாளக்கிராமத்துக்கிட்ட வெச்சேனே, அதுக்கு என்ன பிராயச்சித்தம்?" என்றேன்.

இப்படியும் ஒரு தாய் சொல்வாளா? சொன்னேன். நான் பெற்ற பெண் முகம் வெளுத்து நிற்கிறது, எனக்கு அலமாரிதான் பெரிதாகப் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதே வாரத்தில்தான், ஜெனீவாவிலிருந்து தகவல் வந்து, வன அலுவலகத்திலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் தோழி சுஜாவுடன் போய்வந்தாள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவேயில்லை. அன்றைக்கு நான் தர்ப்பை தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அதை எப்படிடி எடுப்பா?" என்று கேட்டேன்.

என் பக்கம் திரும்பினாள். "செத்தப்புறம் இல்லைம்மா. உயிரோட கட்டிவெச்சு, நெருப்புக் காட்டி… வேண்டாம், நீ ராத்திரி தூங்கமாட்டே."

தூங்கவில்லைதான். நான் அதற்குப் பால் விட்டேன், சந்தனம் இட்டேன். ஏதோ ஒரு காட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஜீவன், என் பெண்ணின் விசாவுக்காக வெந்து செத்திருக்கிறது. தீட்டு என்று நான் அலமாரியை அலம்பினேன். பாவம் என்று அந்த உடும்பை ஒரு தடவை நினைத்தேனா? இல்லை.

மூன்று மாதம் போனது. போன செவ்வாய்க்கிழமை மாளு வீட்டில் இல்லாத நேரத்தில் சுஜா வந்தாள். மலையாளப் பெண். என்னிடம் பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டவள், நடுநடுவே மலையாளம் கலந்துவிடும். காபி கொடுத்துவிட்டு, "கேஸ் என்னாச்சுடி? இவ வாயே திறக்கமாட்டேங்கறா" என்றேன்.

"ஆன்ட்டிக்கு அறியாதா? மாளு ஒண்ணும் பறயலையா?" என்று திகைத்தாள். பிறகு மெள்ளச் சொன்னாள். "ஃபாரஸ்ட் ஆபீஸ்ல மாளு எழுதிக் கொடுத்திருக்கா. கிளாஸ்ல காட்டறதுக்காக வாங்கினேன், பொடிக்குள்ள ஒளிச்சு வெக்கற விதம் காட்ட நான்தான் அப்படி வெச்சேன், பாக்கெட் மாறிப்போச்சு, வீட்டில யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு."

"அடிப்பாவி! நான்னா வெச்சேன்! அதைச் சொன்னா என்னவாம்?"

"உடும்பு நம்ம நாட்டுச் சட்டத்திலயும் முதல் அட்டவணை ஆன்ட்டி. கையில வெச்சிருந்தாலே குறைஞ்சது மூணு வருஷம் ஜெயில். அறியாம வெச்சேன்னு சொன்னா போதாது. மாளுவுக்கு கிளாஸ் எடுத்த ரெக்கார்டு இருக்கு, கோர்ட் நம்பும், கவுன் தப்பிச்சிடும்னு வக்கீல் சொல்றார். ஆன்ட்டிக்கு என்ன ரெக்கார்டு இருக்கு? அதுக்காகத்தான் அவ…" பாதியில் நிறுத்திவிட்டாள். "நான் சொன்னதா அவகிட்ட பறயக்கூடாது, கேட்டோ."

அன்று ராத்திரி இவரிடம் கொட்டித் தீர்த்தேன். "பாப்போம், அவசரப்படாதே, வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கலந்துக்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகப் பெண் என் பாவத்தைச் சுமக்கிறாள், இந்த மனுஷர் பார்ப்போம் என்கிறார். வக்கீல் என்ன சொல்வது? செய்தவள் நான், சொல்ல வேண்டியவளும் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

காலையில் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கிழக்கேகோட்டையில் பஸ் மாறி, வன அலுவலகத்துக்குப் போனேன். லிபி என்று ஓர் அதிகாரி, மாளு வயசுதான் இருக்கும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஆதியோடந்தமாகச் சொன்னேன். வெள்ளி டப்பா, பால், சந்தனம், மிளகாய்ப்பொடி, பெண் கேட்டபோது நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. அவள் எழுதினாள், வாசித்துக் காட்டினாள், இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஜெயிலானால் ஜெயில், என் பெண் தப்பித்தாளே.

லிபி பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினாள்.

"மாளவிகா மேடம் எங்களுக்கும் கிளாஸ் எடுத்தவங்களாக்கும்" என்றாள். "அம்மா இப்போ சொன்னது சத்தியம்னா, மேடம் கையொப்பிட்டுத் தந்த இந்த ஸ்டேட்மென்ட் கள்ளம். மத்தவங்க கள்ளம் பறஞ்சா அது வேற. வக்கீல் எழுதிக் கொடுத்தா பார் கவுன்சிலுக்குப் போகும். கவுனே போயிடும்மா."

"அப்படின்னா நான் சொன்னதைக் கிழிச்சுப் போட்டுடும்மா. நான் வரவேயில்லைன்னு வெச்சுக்கோ."

"எழுதிக் கையொப்பிட்டாச்சே" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. மாளு அடுக்களையில் நின்றபடியே மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் தேவலை. தட்டை மேடையில் வைத்தாள், குழாயில் கையை அலம்பினாள்.

"அந்த ஸ்டேட்மென்டை எழுத எனக்கு மூணு நாளாச்சும்மா. உன் பேர் எங்கேயும் வந்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு வரியையும் நானும் சுஜாவும் நூறு தடவை பாத்தோம்."

"உன்னைக் காப்பாத்தத்தானேடி போனேன்."

"தெரியும். பெட்டியிலே வெச்சதும் அதுக்குத்தான்." அவள் குரல் உயரவேயில்லை. "அப்பவும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. இப்பவும் கேக்கலையேம்மா."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கவில்லை, ஆனால் அந்தக் கை என் கைக்குள் சும்மா கிடந்தது. நான் பண்ணினதெல்லாம் அன்பினால்தான் என்று சொல்ல வந்தேன். சொல்ல முடியவில்லை. ஊஞ்சலில் இருந்த இவர் எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மாளு என்னைத் தாண்டிப் போய், ஹாலில் இருந்த போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டாள்.

"சார், மாளவிகாவாக்கும். அம்மாவுக்கு இன்னிக்கே ஒரு முன்ஜாமீன் போடணும். பிரஷர் மாத்திரை சாப்பிடறா, அதையும் பெட்டிஷன்ல எழுதிடுங்கோ" என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். "என் கவுன் கிடக்கட்டும் சார். அதை அப்புறம் பாத்துக்கலாம்."