நகரும் கோடு குடிபோன கதை

வீட்டில் அவனுக்கு வாட்ச்மேன் என்று பெயர். வைத்தவள் அக்கா. காப்பீட்டு அலுவலகத்தில் பகலெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு வந்து, பைசா வாங்காமல் ஒரு புள்ளியியல் மென்பொருள் நூலகத்தின் வாசலைக் காக்கிற தம்பிக்கு வேறென்ன பெயர் வைப்பாள்? அது எல்லாருக்கும் பொதுவான நூலகம், அதிலிருக்கும் நிரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கெங்கோ இருப்பவர்கள் நிரல் எழுதி அனுப்புவார்கள். உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது அவன் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா குடிநீர் வாரியத்தில் பொறியாளர். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மீட்டர் இருக்கிறது. தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு, ஓடிய அளவு எவ்வளவு என்று அது தினமும் சொல்லும். கடைசி முப்பது நாள் அளவுகளை எடுத்து, இவ்வளவு அழுத்தத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணினி ஒரு நேர்கோடு போடும். மறுநாள் பழைய நாள் ஒன்றை உதறிவிட்டு, புது நாளைச் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் ஒரு கோடு போடும். கோடு திடீரென்று நிமிர்ந்தால் எங்கோ தண்ணீர் வீணாகப் போகிறது என்று அர்த்தம். படித்தவர்கள் ரோலிங் ரிக்ரெஷன் என்பார்கள். அக்காவுக்கு அது நகரும் கோடு.

அந்த நகரும் கோடு இதுநாள் வரை குடியிருந்தது வேறொரு நூலகத்தில். அட்டவணைகளைக் கையாள எழுதப்பட்ட பெரிய நூலகம் அது. அங்கே இருப்பவர்கள் கூடிப் பேசி, இந்தப் புள்ளியியல் சமாச்சாரம் நமக்கெதற்கு, அடுத்த பதிப்பில் தூக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வைத்தார்கள். கருத்துக் கேட்டபோது நம் வாட்ச்மேன் முந்திக்கொண்டு எழுதினான்: "இதையெல்லாம் யார் பயன்படுத்தறாங்க? தூக்குங்க."

அன்று சாப்பிடும்போது அதைப் பெருமையாக வேறு சொன்னான். அக்கா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் பயன்படுத்தறேன்டா."

"நீயாக்கா?" என்றான் அவன்.

"மாசக் கடைசியில எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் புதுசாக்கறாங்க. புதுப் பதிப்புதான் போடுவாங்க. என் கோடு நின்னுடும். எங்க சீஃப் இஞ்சினியருக்கு ஏற்கனவே அது பிடிக்காது. ஒரு தடவை நின்னா போதும், 'பழையபடி ரோட்ல தண்ணி வந்தப்புறம் தோண்டிக்கலாம்'னு சொல்லி என்னை பில் செக்‌ஷன்ல உக்கார வச்சிடுவாரு."

"எங்க நூலகத்துக்குக் கொண்டு வந்துடறேன்கா," என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

சொல்வது சுலபம். வாசலில் நின்று குறை கண்டுபிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். மூட்டை சுமப்பது வேறு வேலை. அக்காவின் மீட்டர் கதையையும் சொல்லி, ஆள் வேண்டும் என்று பொதுவில் எழுதிப்போட்டான். வந்தது நத்தை. அப்படித்தான் அங்கே பெயர், படத்திலும் ஒரு நத்தை. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் மறுநாள்தான் பதில் வரும். அக்காவின் மாதக் கடைசியை நினைத்து இவனுக்கு மண்டை காய்ந்தது.

ஆனால் வந்த வேலை இருக்கிறதே, அதைப் பார்க்க இரண்டு கண் போதாது. குடிமாற்றும்போது பழுது பார்க்காதே என்பது இந்த நூலகக்காரர்களின் கட்டுப்பாடு. சாமானை மட்டும் ஏற்ற வேண்டும். பழைய இடத்தில் வந்த விடையே புது இடத்திலும் வர வேண்டும். நத்தை அதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது. கிறுக்கலாகக் கிடந்ததைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லி, முதலில் எழுதியவர்களின் பெயர்களைத் தலைப்பில் அப்படியே விட்டுவைத்து, கொண்டுவந்து இறக்கியிருந்தது. படிக்கப் படிக்க வாட்ச்மேனுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. வழக்கமாக இப்படி ஆனால் அவனுக்கு எரிச்சல் வரும். இந்தத் தடவை சந்தோஷம் வந்தது, அது அவனுக்கே புதிது.

சோதனைகள் எல்லாம் தேறின. உள்ளே விடப் போகிற நேரத்தில் நத்தை இன்னொரு நிரல் பொட்டலம் அனுப்பியது. அதில் சில விடைகள் பழையதோடு ஒத்துப்போகவில்லை.

"கட்டுப்பாடு தெரியாதா? பழைய விடையே வரணும்," என்று சுள்ளென்று எழுதினான்.

மறுநாள் பதில் வந்தது. "பழைய விடை முதல் பொட்டலத்துல பத்திரமா இருக்கு. தப்போட சேர்த்துத்தான் தூக்கிட்டு வந்தேன். இது தனி. அளவு வராத நாளையெல்லாம் பழைய நிரல் முதல்லயே தூக்கி எறிஞ்சிடுது. அப்புறம் முப்பது நாள் தேறலைன்னு பின்னால போய்ப் பழைய நாளை இழுத்துட்டு வருது. முப்பதுன்னு சொல்லிட்டு ஐம்பது நாளைப் பார்க்குது. நான் காலண்டர் நாளையே எண்ணியிருக்கேன்."

"அப்ப சோதனையில ஏன் தெரியல?"

அதற்கு மறுநாள் காலை பதில் வந்தது. "சோதனைக்கு எல்லாரும் கம்ப்யூட்டர்லயே எண்களை உருவாக்கிக்கிட்டோம். அதுல எந்த மீட்டரும் ரிப்பேர் ஆகாதே."

வாட்ச்மேன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கூடத்துக்கு வந்தான். அக்கா வேலைக்குக் கிளம்புமுன் பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க மீட்டர் எப்பவாவது அளவு தராம நிக்குமா?"

"எப்பவாவதா! நல்ல மழை பேஞ்சா படுத்துடும். அது திரும்பி வந்ததும் கொஞ்ச நாள் கோடு மந்தமாவே இருக்கும். அப்பல்லாம் நான் அதை நம்பாம, ஒழுகற சத்தம் கேட்கற கம்பியைத் தூக்கிட்டு நடந்தே பார்த்துடுவேன். எங்க குழாயோட குணம்னு நினைச்சேன்."

"குழாய் மேல தப்பில்லக்கா."

முதல் பொட்டலத்தை மட்டும் உள்ளே விட்டால் போதும். அக்காவின் கோடு பிழைத்துக்கொள்ளும், கட்டுப்பாடும் மீறப்படாது. இரண்டாவதை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. இத்தனை வருஷம் அவன் அப்படித்தான் எத்தனையோ பேரைத் தள்ளியிருக்கிறான். ஆனால் இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. அக்காவின் அளவுகளை வாங்கி, சாப்பாட்டு மேஜையிலேயே இரண்டையும் ஓட்டினான். பழைய கணக்கில் எல்லாப் பகுதியும் சாதுவாக இருந்தது. நத்தையின் கணக்கில் ஒரு கோடு மட்டும் எழுந்து நின்றது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "சலவைக்கடைத் தெரு. மழைக்கப்புறம் இப்பதான் அங்க மீட்டரைச் சரிபண்ணாங்க. கிளம்புடா."

தெருவில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ரோடு காய்ந்து கிடந்தது, பேருக்குக்கூட ஈரமில்லை. அக்கா நீளமான இரும்புக் கம்பியை வால்வு மூடியில் ஊன்றி, மறுமுனையில் இருந்த குமிழில் காதை வைத்தாள். நாலடி நகர்ந்தாள், மறுபடி வைத்தாள். சலவைக்கடை வாசலில் நின்றுவிட்டாள். கம்பியை அவனிடம் நீட்டினாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. காலடியில் எங்கோ, மூச்சு விடாமல், உஸ்ஸென்று தண்ணீர் பீறிடும் சத்தம். அவன் கம்பியை விட்டுக் காதை எடுக்கவே இல்லை.

சீஃப் இஞ்சினியர் வந்தார். "காஞ்ச ரோட்டைத் தோண்டச் சொல்றீங்களேம்மா," என்று முணுமுணுத்தார். தோண்டினார்கள். இடுப்பளவு பள்ளத்தில் தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. சலவைக்கடையின் அஸ்திவாரத்தை அது பாதி அரித்திருந்தது. அவர் பள்ளத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தக் கோடு நிக்காம பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டு ஆட்களை ஏவப் போனார்.

வாட்ச்மேன் நடைபாதையில் உட்கார்ந்து போனை எடுத்தான். இரண்டு பொட்டலத்தையும் உள்ளே விட்டான். கட்டுப்பாட்டை மீறியது என் பொறுப்பு என்று கீழே எழுதினான். தலைப்பில் இருந்த பழைய பெயர்களுக்குக் கீழே நத்தை என்று தன் கையாலேயே சேர்த்தான்.

"யாருடா அந்த நத்தை?" என்றாள் அக்கா.

"தெரியாதுக்கா."

"தெரியாதா? இவ்வளவு செஞ்சவங்களை வீட்டுக்குச் சாப்பிடக்கூடக் கூப்பிட முடியாதா?" கொஞ்சம் யோசித்தாள். குழாயை அடைக்கப் போனவர்களைக் கை காட்டி நிறுத்தினாள். "ஒரு நிமிஷம் இருங்கப்பா." கம்பியை மறுபடி ஊன்றி, தம்பியின் போனைப் பிடுங்கிக் குமிழோடு ஒட்டி வைத்து, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தாள். "இதை அனுப்பு. என்னன்னு சொல்லி அனுப்பு."

அனுப்பினான். ஒரு கேள்விக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் நத்தை, அவன் போனைச் சட்டைப்பையில் வைப்பதற்குள் பதில் எழுதியது.

"மூணு தடவை கேட்டுட்டேன். நான் எழுதினது வெளியில எப்படிக் கேட்கும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது."