காலி இடமே இல்லாத கோப்பு

உறைபெட்டி அலறியது.

அரசின் மதிப்பீட்டுக் குழு கீழே காரை விட்டு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆய்வகத்தின் ஆளுயர ஃப்ரீசர் ஆம்புலன்ஸ் மாதிரி கத்தினால் யார் சும்மா இருப்பார்கள்? கையிலிருந்த காகிதங்களை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள் ஒருங்கிணைப்பாளர்.

“யாரு கதவைத் திறந்தது?”

“நான்தான் மேடம். பெரிய ஆளுங்க வர்றாங்களேன்னு கதவு ரப்பர்ல இருந்த பனியைச் சுரண்டினேன். இப்ப மூட மாட்டேங்குது” என்றார் ஆய்வக உதவியாளர். பனிக்குள்ளேயே குடித்தனம் நடத்துவதால் அவருக்குப் பென்குயின் என்று பெயர்.

“வருஷம் பூரா இல்லாத அக்கறை இன்னிக்கா வரணும்? நகருங்கண்ணே!” இடுப்பால் ஓர் இடி இடித்தாள். கதவு மூடியது. அலறல் நின்றது.

மூடுவதற்கு முன் வெள்ளைப் புகை முகத்தில் அடித்த அந்த ஒரு நொடியில், வழக்கம்போல் அவள் கண் தட்டுகளின் மேல் ஓடியது. எது? எந்தக் குப்பி?

பல ஊர் மருத்துவமனைகளிலிருந்து வந்த சிறுநீரகத் துணுக்குகள் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றும் ஊசி முனையால் எடுத்த, நூல் இழை அளவு சதை. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சிறுநீரக நோய் என்று எல்லோருக்கும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே மாத்திரையைக் கொடுத்தாலும், உள்ளே நோய் ஆளுக்கு ஆள் வேறு. யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை அந்த இழைகளிலிருந்து பிரித்தறிவதுதான் ஆராய்ச்சி. அவற்றில் ஓர் இழை அவள் கணவருடையது. வீங்கிய கன்னத்தோடு தினமும் மாத்திரை விழுங்கும் மனிதரின் ஒரு துளி, அவள் நாற்காலிக்குப் பத்தடி தள்ளி உறைந்து கிடந்தது. எது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்ற விதியை எழுதியவளே அவள்தான்.

ஐந்து வருட மானியம் முடிந்துவிட்டது. மறுபடி கேட்டிருந்தார்கள். இந்த முறை விண்ணப்பத்தில் ஒரு புதுத் தலைப்பு: சதை கொடுத்தவருக்கு அவருடைய சோதனை முடிவைச் சரிபார்த்து, உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்வதற்கான நிதி. அவள்தான் மல்லுக்கட்டிச் சேர்த்தாள். நல்ல மனசு என்று இயக்குநர் மெச்சிக்கொண்டார். அது நல்ல மனசு இல்லை, ஏக்கம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் துணுக்கு என்ன சொன்னது என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். நல்லதாகத்தான் இருக்கும்.

இந்த விண்ணப்பத்தோடு மல்லுக்கு நின்றதில் பல மாதங்கள் ஓடிவிட்டன. வீட்டில் அவர் எதைப் பேச வாயெடுத்தாலும், “இது முடியட்டுங்க” என்பதே அவள் பதில். அவரும் சரி என்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

குழுவின் முன் பேச வேண்டிய நோயாளிக்குக் காய்ச்சல். “உங்க வீட்டுக்காரரையே கூப்பிடுங்களேன். மறைச்சாத்தானே தப்பு? சொல்லிட்டே உக்கார வைப்போம்” என்று இயக்குநர் முந்தின நாள் சொன்னார். இன்று கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அநியாய உயரம். அவர் யார் என்று குழுவிடம் சொல்லியாயிற்று; அறையின் கடைசி நாற்காலியில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

குழுவில் நிதிப் பொறுப்பு ஓர் அம்மாளிடம் இருந்தது. சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. “சதை எடுக்கிறது ஆஸ்பத்திரி. சோதிக்கிறது லேப். நடுவுல நீங்க என்ன பண்றீங்க? போன் பண்றீங்களா?”

“ஆமா மேடம், போன்தான்” என்றாள் ஒருங்கிணைப்பாளர். “ஒரு ஆஸ்பத்திரியில எடுத்த உடனே ஐஸ்ல வைப்பாங்க. இன்னொண்ணுல டீ குடிச்சிட்டு வந்து வைப்பாங்க. எல்லாரையும் ஒரே மாதிரி செய்ய வைக்கலேன்னா, உள்ள இருக்கிறது அத்தனையும் குப்பை மேடம்.”

அம்மாள் சிரித்துவிட்டார். “சரி, ஒரு ஆளோடதைக் காட்டுங்க. ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும்.”

அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். பெரும்பாலான கோப்புகளில் ஓட்டை இருக்கும். ஒருவர் சிறுநீர் கொடுக்க மறந்திருப்பார், இன்னொருவர் மறு பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டார். குழுவிடம் காட்ட, காலி இடமே இல்லாத கோப்பு எது என்று நேற்று கணினியிடம் கேட்டிருந்தாள். ஒரே ஓர் எண் வந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் அதைக் குறித்து வைத்திருந்தாள். இப்போது அதை அழுத்தினாள். திரை நிறைந்தது.

ஆண். நாற்பத்தேழு வயது. உயரம் நூற்றுத் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர். பரிசோதனைக்கு வந்த நாட்கள் எல்லாமே அவளுடைய வார விடுமுறை நாட்கள்.

அந்த வரிகளை அவள் மறுபடி படித்தாள். ஒரு பரிசோதனைகூடத் தவறாத கோப்பு வேறு யாருடையதாக இருக்க முடியும்? “நீங்களே லேட் பண்ணினா மத்தவங்கள நான் எப்படிக் கேக்கிறது?” என்று விரட்டி விரட்டி அழைத்துப் போனவள் அவள்தானே. இது ஏன் நேற்றே உறைக்கவில்லை?

கடைசி வரியை அம்மாள் உரக்கப் படித்தார். “மூன்றாம் வகை. தற்போதைய மாத்திரையால் பலன் இல்லை. சிறுநீரகம் விரைவில் செயலிழக்கும்.” உச்சுக் கொட்டினார். “பாவம். இது அந்த ஆளுக்குத் தெரியுமா?”

“தெரியாது மேடம். அதுக்குத்தான் புதுத் தலைப்புல நிதி கேக்கிறோம்” என்றார் இயக்குநர். அது யாருடைய கோப்பு என்று அவருக்குப் புரியவில்லை.

அவள் கணவரைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் மெல்ல மெல்லத் தோளைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். முழங்காலை உள்ளே இழுத்தார். கழுத்தைச் சட்டைக் காலருக்குள் இறக்கினார். திரையிலிருந்த உயரம் தனதில்லை என்பதுபோல், குள்ளமான ஒரு மனிதராக ஆகிவிட, தன்னால் முடிந்த மட்டும் முயன்றுகொண்டிருந்தார்.

திரையை மூட வேண்டும் என்று தோன்றியது. விரல் நகரவில்லை. இத்தனை நாள் ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. அதை அப்படியே அந்தப் பனிக்குள் திருப்பித் தள்ளிவிட முடிந்தால்!

நிதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க சொல்லுங்க. இந்த வகைக்கு வேற மருந்தும் இன்னும் வரல. இந்த மாதிரி சேதியைத் தெரிஞ்சுக்கிட்டு உங்கள மாதிரி ஒருத்தர் என்ன பண்ணப் போறாரு? தெரியாமலே நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே. இந்த ஒரு தலைப்பை மட்டும் வெட்டிடலாம்னு நினைக்கிறேன்.”

அவர் கேள்வி கேட்டவரைப் பார்க்கவில்லை. மேசையின் மறுமுனையில், கணினியின் மேல் கை வைத்தபடி நின்ற மனைவியைத்தான் பார்த்தார். வீங்கிய கன்னத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

“வெட்டிடாதீங்க மேடம். தெரிஞ்சாத்தானே இவள, ‘போதும், லீவு போட்டுட்டு வா’ன்னு கூப்பிட முடியும்?”