எதிர்த்து அடிக்கும் ஹேண்டில்

காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அப்பாவின் சவப்பெட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும் கிளெம் மாமாவின் கைகளையே வெர்னா வாசலில் நின்று பார்த்தாள்.

"குதிரை வண்டி போதும்னு சொன்னேனேடா," என்றாள் அம்மா.

"நம்ம கம்பெனி காருலதான் போகணும்க்கா. இல்லேன்னா, ஆளைக் கொன்ன வண்டின்னு ஜாக்சன் ஊரே பேசும். அப்புறம் எவன் வாங்குவான்?"

எதிர்வீட்டு எஸ்ரா வேலிமேல் சாய்ந்தபடி, "என் குதிரை பின்னாடியே வரட்டும். வழியில நின்னுட்டா இழுக்கணும்ல?" என்றார்.

அப்பாவை மண்ணில் இறக்கும் முன்பே மாமாவுக்கு விற்பனைப் பேச்சு.

என்ஜினைக் கிளப்ப வண்டியின் முன்னாலுள்ள ஹேண்டிலைச் சுற்றும் முன், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஸ்பார்க் லீவர் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் ஹேண்டில் எதிர்த்து அடிக்கும். அதனால் அப்பாவின் பட்டறையில் ஒரே சட்டம்: வண்டியை நிறுத்துகிறவன் லீவரை மேலே தள்ளிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்பாவுக்கு அடிபட்ட அன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் மாமா. அவரை நம்பி, லீவரைப் பார்க்காமல் அப்பா ஹேண்டிலைச் சுற்றினார். அது திரும்பி அடித்துத் தாடையை உடைத்தது. காயம் சீழ்பிடித்து, காய்ச்சல் ஏறி, கட்டுப்போட்ட வாயோடு கிடந்தார்.

"மாமா வேணும்னே பண்ணாராப்பா?"

அவர் காதோரம் அவள் கேட்டபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்றா, கேட்காதே என்றா?

கம்பெனியை டெட்ராய்ட்காரர்களுக்கு விற்றுவிடலாம் என்று மாமா குளிர்காலம் முழுக்க நச்சரித்தார். அப்பா மாட்டேன் என்றார். இனி மாட்டேன் என்று சொல்ல ஆளில்லை.

"வெர்னா, ஏறி உட்காரு. உங்கப்பா பழக்கின பொண்ணு, நீதான் ஓட்டணும். நான் ஹேண்டில் போடுறேன்."

"நீங்களா? எப்பவும் பட்டறை ஆளுங்கதானே மாமா உங்களுக்குப் போட்டுத் தருவாங்க?"

"கோட்டு அழுக்காகாத துரைன்னு உங்கப்பா கிண்டல் பண்ணுவாரு. இன்னிக்கு அழுக்காகட்டும், போ."

ஏறி உட்கார்ந்தாள். லீவர் கீழே இருந்தது. காலையில் பட்டறையிலிருந்து வண்டியை ஓட்டிவந்ததும் மாமாதான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் சும்மா இருந்தாலே போதும், ஹேண்டில் மாமாவையும் அடிக்கும்.

மாமா வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார். லீவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹேண்டிலைக் கட்டைவிரலோடு சேர்த்து, கோடாலிக் காம்பைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தார். எதிர்த்து அடித்தால் அந்த விரல் தப்பாது. தெரிந்தவன் எவனும் அப்படிப் பிடிக்க மாட்டான்.

"சுத்தட்டுமா?"

"நில்லுங்க மாமா!"

தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. லீவரை மேலே தள்ளினாள். டக்கென்று ஒரு சத்தம்.

"என்னம்மா அது?"

"கீழ இருந்துச்சு. நீங்க விட்ட மாதிரியே."

மாமா லீவரைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. அது இப்போதுதான் தெரிந்துகொண்டவனின் முகமா, அகப்பட்டுக்கொண்டவனின் முகமா? வெர்னா உற்று உற்றுப் பார்த்தாள்.

"கட்டைவிரலை வெளிய எடுத்துட்டுப் பிடிங்க," என்றாள்.

அவர் விரலை எடுத்துவிட்டு மறுபடி குனிந்தார். சுற்றவில்லை. "லீவர் மேலதானே இருக்கு? இன்னொரு தடவை பாரும்மா," என்றார்.