துரையின் தோணி

ஐம்பத்திரண்டில், மலாய் நாடு அவசரகாலத்தில் கிடந்தபோது, எங்கள் எஸ்டேட் துரைக்கு ஆற்றில் உல்லாசமாகப் போக ஒரு தோணி வேண்டியிருந்தது. ஏதோ வெள்ளைக்காரப் பத்திரிகையில் கிழித்த படத்தை என் முன்னால் போட்டார். பதினாறு அடி நீளம், மெல்லிய வயிறு, கண்ணாடி போல் வார்னிஷ், கூடவே இரண்டு துடுப்பு. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஆளுக்கு அளந்து அரிசி கொடுத்த வருஷம் அது. காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடக்கூடாதென்று, கம்பியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில்.

நான் கோலா சிலாங்கூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் தச்சன். அப்பா தொண்டியில் தோணி கட்டியவர். கைக்குத் தொழில் தெரியும். ஆனால் நான் ஒத்துக்கொண்டது வேறு காரணத்துக்கு. என் பெண்டாட்டி வேலம்மாவின் தம்பி செல்லன் தடுப்பு முகாமில் இருந்தான். காட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு கொடுத்தான் என்று எவனோ போலீஸில் சொல்லிவிட்டான். எவன் என்று தெரியாததால் எல்லாரையும் இன்னும் சந்தேகப்படுகிறேன். மாதக் கடைசிக் கப்பலில் செல்லனை இந்தியாவுக்கு ஏற்றப்போவதாகச் சேதி வந்தது. இதே எஸ்டேட்டில் பிறந்தவன் அவன். கப்பலைக் கண்ணால் கண்டதில்லை.

"துரை ஜாமீனா ஒரு கடுதாசி எழுதுனா விட்டுருவாங்க லா," என்றார் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு.

துரையிடம் கேட்டேன். இருபது வருஷமாக எங்களிடம் பொறுக்கிய தமிழில் சொன்னார்: "நீ தோணி முடி. நான் காயிதம் தரும்."

மெராந்திப் பலகையை விரல் கனத்துக்கு இழைத்து, வெந்நீர்த் துணி சுற்றி வளைத்தேன். உப்புத்தாள் தேய்த்தே கைரேகை போயிற்று. சோறு வைக்கும்போது வேலம்மா குத்திப் பேசுவாள்: "என் தம்பி உள்ள கெடக்குறான். நீ வெள்ளக்காரனுக்குத் தொட்டில் கட்டு."

துடுப்பு இரண்டையும் முடித்ததும் பரணில் ஒளித்து வைத்தேன். கடுதாசி கைக்கு வராமல் துடுப்பு போகாது என்று கிராணியிடம் சொல்லிவிட்டேன்.

"துரைகிட்டயே பேரமா? கையாலயா துழாவிக்கிட்டுப் போவாரு?"

"போகட்டுமே. ஆத்துல முதலைக்கும் பசிக்கும்ல."

துரை கேட்டுச் சிரித்தாராம். கடுதாசியை எழுதி முத்திரையும் குத்திவிட்டார். சனிக்கிழமை காலையில் தோணி முள்கம்பி கேட்டைத் தாண்டியதும் துடுப்பைக் கொடுத்துவிட்டுக் கடுதாசியை வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு.

தோணி முதல்முதலில் தண்ணீர் தொடும்போது அதன் மூக்கில் மஞ்சள் துணியில் ஒரு பிடி பச்சரிசி முடிந்து வைக்க வேண்டும். அப்பா ஒரு தோணியைக்கூட வெறும் மூக்கோடு இறக்கியதில்லை. எனக்குச் சாமியிடமும் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் செல்லன் காரியமாயிற்றே, ஒன்றும் தப்பக்கூடாது என்று வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் முடிந்து வைத்தேன். துரையின் தோணியை எவன் சோதிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அரிசி எங்கள் பங்கில் எடுத்ததுதான். வேலம்மா அன்று பட்டினி கிடந்தாள்.

காலையில் நாலு பேர் தோணியைத் தூக்கி வர, நான் துடுப்போடு பின்னால் போனேன்; துரையும் கிராணியும் கேட்டில் காத்திருந்தார்கள். கேட்டில் நின்ற மலாய்ப் போலீஸ்காரன் அதைத் தடவிப் பார்த்தான். அழகில் மயங்கினான் என்று நினைத்தேன். மூக்குக்குள் கையை விட்டான்.

"பெராஸ்!" என்று கத்தினான். அரிசி.

துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

"சாமிக்கு வச்சது தொரே," என்றேன். "தோணிக்கு வைக்கிற மொறை."

துரைக்குத் தெரியும். வருஷா வருஷம் மாரியம்மன் கோயிலில் மஞ்சளும் அரிசியும் தலையில் வாங்கிக்கொண்டு நின்றவர்தான் அவர். சட்டைப்பையில் கடுதாசி நுனி வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தோணி என்னோடது," என்றார் போலீஸ்காரனிடம் முதலில் மலாயில், பிறகு எனக்காகத் தமிழில். "அரிசி என்னோடது இல்லே."

என் கையிலிருந்த துடுப்பை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். நான் இழுத்துப் பிடிக்கவில்லை. எதிரே துப்பாக்கி இருந்தது.

"கடுதாசி தொரே."

"அரிசி கடத்துறவன் மச்சானுக்கு நான் ஜாமீன் போடுமா? நீயே சொல்லு."

கிராணி மண்ணைப் பார்த்தார். தூக்கி வந்த நாலு பேரும் தோணியை ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். அது நன்றாக மிதந்ததாம். அதையும் ஜெயிலில்தான் கேள்விப்பட்டேன்.

எனக்கு மூன்று மாதம் போட்டார்கள். கப்பல் மாதக் கடைசியில் போய்விட்டது. கிள்ளான் துறைமுகத்துக்குப் போக வேலம்மாவுக்குப் பாஸ் கொடுக்கவில்லை.

நான் வெளியே வந்த வாரம் நாகப்பட்டினத்திலிருந்து செல்லன் கடிதம் வந்தது. படித்தது மூணாவது என்பதால் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

"மச்சான், இங்க எல்லாரும் 'ஒனக்கு எந்த ஊரு'ன்னு என்னக் கேக்குறாங்க. சொன்னாத்தான் சொந்தக்காரங்ககிட்ட அனுப்புவாங்களாம். எங்கப்பா எந்த ஊருன்னு அக்காகிட்ட கேட்டு ஒடனே எழுதுங்க."

அவர்கள் அப்பா வேலம்மாவுக்கு ஆறு வயதில் காய்ச்சலில் போனவர். அவளிடம் கேட்டேன்.

அவளுக்கும் தெரியவில்லை.