ஜன்னலில் தெரிவது

துணியைக் கொடியில் போட்டுவிட்டு, செருப்புப் புழுதியை வாசலில் உதறிவிட்டு, தெல்மா ஹார்ட்னெட் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒரு மெயில் வந்து கிடந்தது. அனுப்பியவர் கோரல் பெட்டிஃபர். ‘அன்புள்ள நண்பரே, பழைய போட்டோக்கள் கிடைத்தன. இதில் நீங்களும் இருக்கிறீர்கள். உடனே திறந்து பாருங்கள்.’ கீழே ஒரு இணைப்பு.

தெல்மாவுக்கு நெஞ்சு படபடத்தது. எழுபத்தாறு வயதில் ஒரு மெயிலுக்கா இந்தப் படபடப்பு என்று யாரும் கேலி பேச வேண்டாம். கோரலின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

தெல்மா அப்போது ரேடியோப் பள்ளிக்கூடத்து டீச்சர், கோரல் அதில் படித்த பிள்ளை. ஊருக்குள் ஒரு சின்ன அறை, ஒரு மைக், தெல்மா. பிள்ளைகளெல்லாம் முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆட்டுப் பண்ணைகளில். வருகைப் பதிவுக்கு அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முதலில் பண்ணையின் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும், அடுத்து ஜன்னலில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். குறியை மட்டும் கேட்டால், ஊர் சுற்றப் போன தம்பிக்குப் பதிலாக அண்ணன்காரன் குரலை மாற்றிப் பேசிவிட்டுப் போவான். ஜன்னலைக் கேட்டால்தான் திருட்டு முழி முழிப்பான், அது ரேடியோவிலேயே தெரியும்.

“நைன் டேங்கோ விக்டர். கோரல் வந்திருக்கேன் மிஸ். ஜன்னல்ல ஒரு ஈமு, எங்க தண்ணித் தொட்டியில மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்குது.”

அந்தக் குரலுக்காகவே தெல்மா காலையில் சீக்கிரம் போன நாட்கள் உண்டு. என்ன காலம் அது! வருஷத்துக்கு ஒரு வாரம் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். கோரல் மட்டும் வரமாட்டாள். ஒரு வருஷம் வெள்ளம், அடுத்த வருஷம் ஆடுகளுக்குக் கம்பளி வெட்டும் வேலை, அதற்கடுத்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. அப்புறம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, எப்போதாவது மெயில். ஒருமுறை போட்டோ கேட்டதற்கு, ‘வேண்டாம் மிஸ்’ என்று எழுதிவிட்டாள்.

தெல்மாவின் கை மவுஸுக்குப் போனது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் பிள்ளைகளின் குரல்கள் இருந்தன. ஈமுவும் அதில் இருந்தது. பக்கத்து வீட்டு நெவில், பிசுபிசுத்துப் போன பழைய டேப்புகளிலிருந்து ஒரு மாதம் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தவை. டேப்புகள் குப்பைக்குப் போயாயிற்று. இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று நெவில் தலைபாடாக அடித்துக்கொண்டான், தெல்மா நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். சனிக்கிழமை பழைய மாணவர் சந்திப்பில் அவற்றைப் போட்டுக் காட்டுவதாக வாக்கு வேறு கொடுத்திருந்தாள். போன மாதம்தான் சினேகிதி பெவர்லி, பார்சல் வந்திருக்கிறது என்ற மெயிலின் இணைப்பைத் திறந்து, வைரஸ் புகுந்து, இருந்த படம் அத்தனையும் பறிகொடுத்தாள்.

‘இதில் நீங்களும் இருக்கிறீர்கள்.’ எப்படி இருக்க முடியும்? இருவரும் ஒரு நாளும் ஓரிடத்தில் நின்றதில்லையே. நண்பரே என்று கோரல் எப்போது கூப்பிட்டாள்? அழைப்புக் குறி போடாமல் ஒரு மெயில் எழுதியிருக்கிறாளா? அவசரத்தில் மறந்திருப்பாள் என்றது மனசு. ஆசை வந்துவிட்டால் மனசுக்கு வாதாடச் சொல்லியா தர வேண்டும்.

பதில் போட்டுக் கேட்கலாம். ஆனால் அந்தப் பக்கம் திருடன் உட்கார்ந்திருந்தால், நான்தான் கோரல் என்பான். தெல்மா எழுந்து, வாழ்த்து அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் செய்தாள்.

“நைன் டேங்கோ விக்டர், இருக்கியா?”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“இருக்கேன் மிஸ்.”

“ஜன்னல்ல என்ன தெரியுது?”

“காஞ்ச தொட்டி. அது மேல ஒரு காக்கா, யார்மேலயோ கோவமா உக்காந்திருக்கு. என்ன மிஸ் திடீர்னு?”

போட்டோ எதுவும் அனுப்பவில்லை என்றாள் கோரல். யாரோ தன் மெயிலுக்குள் புகுந்திருக்கிறான் என்று புரிந்ததும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், சொன்ன கையோடு மிஸ்ஸிடம் மன்னிப்பும் கேட்டாள். உடனே பாஸ்வேர்டை மாற்று, உன் பேரில் வருவதைத் திறக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் போன் போட்டுச் சொல் என்றாள் தெல்மா. பிறகு மறைக்க மனமில்லாமல் சொன்னாள்.

“திறக்கத்தான் போனேன் கோரல். உன் முகத்தைப் பாக்கணும்னு அவ்வளவு ஆசை.”

“உங்க மனசுல ஒரு பொண்ணு இருப்பா மிஸ். அவளை நான் வந்து எதுக்குக் கெடுக்கணும்னுதான்…”

மதியம் நெவில் வந்து அந்த மெயிலைத் திறக்காமலே அழித்தான். குரல்களைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்தான், வேண்டிய மட்டும் திட்டினான். தெல்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை கூடத்தில் குரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தலை நரைத்தவர்கள் லாமிங்டன் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் எட்டு வயதுக் குரலைக் கேட்டு அழுதார்கள். வாசலில் ஒரு பருமனான பெண் தயங்கி நின்றாள். யாருடைய மனைவியோ என்று நினைத்து தெல்மா மரியாதைக்குச் சிரித்து வைத்தாள்.

“நைன் டேங்கோ விக்டர். கோரல் வந்திருக்கேன் மிஸ்.”

தெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவளை அடையாளம் தெரிந்தது.

“ஜன்னல்ல என்ன தெரியுது?” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

“உங்க முகம் மிஸ். நானும் இப்பதான் பாக்கறேன்.”