சேர்த்தால் குறைகிற பேஸ்

கீர்த்தி மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். பேஸ் கிதாரிலிருந்து நேராக ஒயர் வழியாகப் பதிந்ததை மட்டும் ஓடவிட்டால், தடித்த நாலாவது கம்பி ஹெட்போனுக்குள் நன்றாகவே உறுமியது. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக் வைத்துப் பதிந்ததை மட்டும் ஓடவிட்டால் அதுவும் உறுமியது. கொஞ்சம் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டதும் உறுமல் போய்விட்டது. கம்பியில் விரல் படுகிற டிக் டிக் மட்டும் மிச்சம், தகர டப்பாவின் மேல் ரப்பர் பேண்டை இழுத்துக்கட்டித் தட்டுகிற மாதிரி. அவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு வர வேண்டும். சேர்த்த பிறகு இருந்ததும் குறைகிறது என்றால் நடுவில் யாரோ எடுக்கிறார்கள் என்று அர்த்தம். கொர்லகுண்டாவில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் அவளைத் தவிர ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவன் அப்போது சமையலறையில் விசில் அடித்துக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தான்.

சென்னையில் பெண்கள் மட்டும் வாசிக்கிற ஒரு குழு. அதில் பேஸ் வாசித்தவளுக்குக் கை ஒடிந்துபோய், நாலு மாதச் சுற்றுப்பயணத்துக்கு ஆள் தேடினார்கள். குழுவை நடத்துகிற நளினி, வீட்டிலேயே ஒரு பாட்டுக்கு வாசித்து அனுப்பச் சொன்னாள். கீர்த்தி அனுப்பினாள். பதில் குரல்பதிவாக வந்தது. "கீர்த்தி, வாசிப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. தாளம் கரெக்டா நிக்குது. ஆனா கீழ உடம்பே இல்லம்மா. கிதார் முன்னாடி வந்து நிக்குது, பேஸ் எங்கயோ கொசு மாதிரி கேக்குது. எங்களுக்கு மேடை நெறையணும். ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள வேற பதிவு அனுப்பு. அன்னிக்கு முடிவு பண்ணிடுவோம்." கீர்த்தி அதை நாலைந்து தரம் கேட்டாள். 'கிதார் முன்னாடி வந்து நிக்குது' என்ற இடத்தில் ஒவ்வொரு தரமும் நின்றாள். அந்தக் கிதாரை வாசித்ததும் திலீப், எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்ததும் திலீப்.

திலீப் கல்யாண மண்டபங்களுக்குச் சவுண்ட் போடுகிறவன். கல்லூரிக் குழுவில் அவன் கிதார், அவள் பேஸ். அங்கே ஆரம்பித்துத்தான் கல்யாணம்வரை வந்தது. வீட்டில் அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். பிறந்த ஊரான நகரியில் அம்மா, நைனா எதிரில் மட்டும் பெயர் வாயில் வராமல் 'ஏங்க' ஆகிவிடும். நாலு மாதம் வெளியூர் என்று சொன்னபோது அவன் சொன்னது, "போ, யாரு வேணான்னா?" அந்த நேரத்தில் அது நல்ல பதிலாகத்தான் தெரிந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் 'போ' எவ்வளவு, 'யாரு வேணான்னா' எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு நாளாக அவள் அறைக்குள் வந்தால் லேப்டாப்பை மூடுகிறான். என்ன பார்த்தாய் என்று கேட்டால், சும்மா என்கிறான்.

"பேஸ் ஏன் மெல்லிசா வருது?" என்று தோசைத் தட்டை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"ஃபோன்ல கேட்டா அப்படித்தான் இருக்கும்."

"ஹெட்போன்லதான் கேட்டேன்."

"வாசிக்கறப்ப இன்னும் கொஞ்சம் அழுத்தி வாசிச்சிருக்கலாம்."

"உன் கிதார் மட்டும் பன்னு மாதிரி உப்பிக்கினு வருது. அதே மைக்கு, அதே ஒயரு. நீ இன்னா, ஏறி மிதிச்சா வாசிச்ச?"

அவன் சிரித்தான். "பொறாமையா?"

"சந்தேகம்."

சிரிப்பு ஒரு நொடி அவன் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு ஃபோன் அடித்தது. "சரே அன்னா, வஸ்தா வஸ்தா" என்று தெலுங்கில் வருவதாகச் சொல்லிக்கொண்டே தோசைக்கல்லை இறக்கிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரகிரியில் ஒரு முகூர்த்தம். திலீப் விடிகாலையிலேயே வேனில் கிளம்பிப் போனான். லேப்டாப் மேஜையில் இருந்தது. கீர்த்தி அதன் முன்னால் உட்கார்ந்தபோது, அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறக்கிற மாதிரி இருந்தது. அது இரண்டு பேருடைய சம்பளத்திலும் வாங்கியது என்றாலும். அவள் தேடியது ஒன்றே ஒன்று. பேஸ் வருகிற வழியில் ஈக்வலைசரில் கீழ்ச் சத்தத்தை அவன் வெட்டியிருப்பான். கீழே வெட்டினால் டிக் டிக்தான் மிஞ்சும், இது அவளுக்கும் தெரியும். திறந்தாள். வெட்டு இல்லை. மாறாக, கீழ்ச் சத்தத்தை அதற்கு மேல் போக முடியாத அளவுக்கு மலைபோல் ஏற்றி வைத்திருந்தான். கிதாரைவிட பேஸின் அளவும் மேலேதான் இருந்தது. எதிர்பார்த்தது கிடைக்காததில் அவளுக்கு நிம்மதிகூட வரவில்லை. உள்ளே எங்கோ எடுத்துவிட்டு, வெளியே கண்துடைப்புக்கு ஏற்றி வைத்திருக்கலாம் அல்லவா? சந்தேகம் வந்துவிட்டால் வெட்டியிருந்தாலும் குற்றம், ஏற்றியிருந்தாலும் குற்றம்.

என்ன எடுத்தான் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தாள். கிதாரை முழுக்க இறக்கினாள். பேஸ் அதே கொசு. நேரடி ஒயர் பதிவை அப்படியே விட்டுவிட்டு மைக் பதிவை மெல்ல இறக்கினாள். பாதி இறங்கும்போது பேஸ் பெருத்தது. இன்னும் இறக்கினாள், இன்னும் பெருத்தது. மைக் முழுக்க நின்றபோது உறுமல் முழுசாக வந்தது. கையை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். குறைத்தால் கூடுகிறது. கணக்கில் அப்படி ஆக ஒரே வழிதான் உண்டு: குறைத்தது ஒரு கழித்தல் எண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டு பதிவுகளையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அலைகள் மலைத்தொடர் மாதிரி தெரிகிறவரை பெரிதாக்கினாள். மேலே மேடு இருந்த இடத்தில் கீழே பள்ளம். மேலே பள்ளம் இருந்த இடத்தில் கீழே மேடு. ஏரியில் விழுந்த நிழல் போல இருந்தது. ஐந்தும் மைனஸ் ஐந்தும். திலீப் ஏற்றி வைத்திருந்த மலை ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது. ஈக்வலைசர் இருப்பதைத்தான் பெருக்கும், பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம். டிக் டிக் மட்டும் தப்பித்ததற்கும் காரணம் இருந்தது. நாலாவது கம்பியின் சத்தம் காற்றில் ஒரு முழு அலை போட எட்டு மீட்டருக்கு மேல் வேண்டும், அவர்கள் வீட்டு வாசலிலிருந்து பின்சுவர்வரை போனாலும் போதாது. பெட்டிக்கும் மைக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. எட்டு மீட்டர் அலைக்கு நாலு விரல் ஒரு தாமதமே அல்ல, இரண்டும் நேருக்கு நேர் மோதி அழிந்துவிடும். டிக் சத்தத்தின் அலையோ கைக்குள் அடங்குகிற அளவு. அதற்கு நாலு விரல் பெரிய தூரம். முன்னே பின்னே விலகி, மோதாமல் தப்பித்துக்கொள்ளும். கிதாரை மைக்கில் மட்டும்தான் பதிந்தார்கள். மோதுவதற்கு எதிராளி இல்லாததால் அது பன்னு மாதிரி உப்பியிருந்தது.

ஆக, மைக் பதிவு தலைகீழாக வந்திருக்கிறது. பெட்டி முன்னால் தள்ளுவதை மைக் பின்னால் இழுத்ததாகச் சொல்லியிருக்கிறது. மைக் மாறவில்லை. மாறியது ஒயர். போன மாதம் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு நகரிக்குக் கொண்டுபோனபோது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைப் பக்கத்தில் வைத்திருந்த மைக் ஒயரை எலி கடித்துவிட்டது. ஒட்டிக்கொடுத்தவர் நைனா. கொஞ்சம் நிலம் பார்த்துக்கொண்டு, தெருவெல்லாம் ஓடுகிற பவர்லூம்களுக்கு மோட்டார் ரிப்பேரும் செய்கிறவர் அவள் அப்பா திருவேங்கடம். அவருக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் தறிச் சத்தம்தான் முதலில் வந்தது.

"நைனா, எலி கடிச்ச ஒயரு ஒட்டிக் குடுத்தயே, உள்ள செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு இருந்துச்சே. எதுல எது குடுத்த?"

"இன்னாமா கேள்வி இது? பிளக்குல மூணு காலு இருந்துச்சு. ஒண்ணு எர்த்து. மீதி ரெண்டுக்கு ரெண்டு."

"எந்தக் காலுக்கு எது?"

"எலி துன்னுட்டு போனப்பறம் எது எதுல இருந்துச்சின்னு எலியத்தான் கேக்கணும். மோட்டாருக்கு அப்படித்தான் குடுப்போம். ஓட்டிப் பார்ப்போம், திருப்பிச் சுத்தினா ரெண்டை மாத்திக் குடுப்போம். மைக்கு இன்னா சுத்தவா போவுது?"

"சுத்துது நைனா. திருப்பிச் சுத்துது."

"அட!" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு, "மாப்ள ஒண்ணும் சொல்லலியே" என்றார். "அன்னிக்கே மூடிய கழட்டிப் பார்த்துக்கினு இருந்தாரே. சூப்பரா கீது மாமான்னு சொல்லிட்டு மூடிட்டாரு."

ஃபோனை வைத்த பிறகு அவள் வேலையைத்தான் முதலில் முடித்தாள். மைக் பதிவின் மேல் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட சின்னப் பொத்தான் ஒன்று உண்டு. அலையைத் தலைகீழாகப் புரட்டிவிடும். அதை அழுத்தினாள். திலீப் ஏற்றியிருந்த மலையைத் தரைமட்டமாக்கினாள். பேஸுக்குக் கிதார் வழிவிட, பேஸ் இருக்கிற இடத்தில் கிதாரின் அடிச்சத்தத்தைக் கொஞ்சம் சீவினாள். இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறாமல் தள்ளித் தள்ளி நின்றன. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டதும் பீரோவில் தொங்கிய சாவிக்கொத்து நடுங்க ஆரம்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் அவள் மனம் நகரி வீட்டுக் கூடத்தில், ஒயரின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற திலீப்பின் கையிலேயே இருந்தது. எந்தக் காலில் எந்தக் கம்பி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன்.

நாலு மணிக்குப் படியில் ஷூ சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். சாவிக்கொத்தைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான்.

"எப்படி?" என்றான்.

"ஒயருல கம்பி மாறிக் கீது. நைனா ஒட்டினது." அவள் அவன் முகத்தை விடாமல் பார்த்தாள். "நீ பார்த்தியாமே."

"பார்த்தேன்" என்றான். "மாமா எதிர்ல அவரு ஒட்டினத பிரிக்கச் சொல்றியா? பக்கத்துல நாலு பேரு வேற நின்னுக்கினு இருந்தாங்க. மாப்ள மேதாவி வந்துட்டாருன்னு சொல்ல மாட்டாங்க? வீட்டுக்கு வந்து மாத்திக்கலாம்னு விட்டேன். மறந்துட்டேன்."

"நளினி சொன்னப்பறமும் ஞாபகம் வரல?"

"வரல கீர்த்தி. ரெண்டு நாளா கீழ தூக்கித் தூக்கிப் பார்க்கறேன், வரவே மாட்டேங்குது. ஊருக்கெல்லாம் சவுண்டு போடறவன், பொண்டாட்டி பேஸ் வரலன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

லேப்டாப்பை மூடியதற்கு அது பதிலாக இருக்கலாம். ஏற்றி வைத்திருந்த மலைக்கும். எல்லாம் சரியாகப் பொருந்தியது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதின விடையும் இப்படித்தான் சரியாகப் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

"அனுப்பிட்டியா?" என்று கேட்டான்.

"நீ வரட்டும்னு இருந்தேன்."

"அனுப்பு" என்று சொல்லிவிட்டு, ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நளினிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். குனிந்த தலையின் உச்சிச் சுழி மட்டும் தெரிந்தது. நாடா அவிழ வழக்கத்தைவிட நேரம் ஆன மாதிரி இருந்தது, முடிச்சு இறுகியிருந்திருக்கலாம்.

நிமிர்ந்தவன் உள்ளே போய்ச் சால்டரிங் அயர்னை எடுத்துவந்து பிளக்கில் சொருகினான். "குடு, மாத்திடறேன்."

"நீ புடி. நான் ஒட்டறேன்."

அவன் ஒயரின் முனையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டான். அவள் மூடியைத் திருகிக் கழற்றினாள். நைனாவின் ஈயம் மோட்டாருக்கு வைக்கிற மாதிரி குண்டு குண்டாக இருந்தது. சூடு பட்டதும் அது இளகி, புகை ஒரு நூலாக எழுந்து இரண்டு முகங்களுக்கும் நடுவில் நின்றது. அவன் கை அசையவில்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: உறையில்லாத கம்பி ஒன்றாம் காலில், சிவப்பு இரண்டாம் காலில், வெள்ளை மூன்றாம் காலில்.